எஸ்.எம்.சி. தீர்மானப் பதிவேட்டைப் பார்க்க ஒரு பத்து ரூபாய் மனு

பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) என்ன முடிவானது என்று கேட்டால் யாரும் "தர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "ஹெச்.எம். மீட்டிங் போயிருக்காங்க", "ரெஜிஸ்டர் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல இருக்கு", "அடுத்த கூட்டத்துல வாசிப்போம்" என்றுதான் பதில் வரும். வாயால் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் அலையாமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிடுவது நல்லது. கழிப்பறைப் பழுதுபார்ப்புச் செலவு ஒன்றுக்காக நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து இந்த வழியில் போனோம். அதில் பிடிபட்ட விஷயங்கள் இவை.

கேட்பதற்கான அடிப்படை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவுக்குச் சட்டமே கொடுத்த வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான். அங்கே "குழு ஒப்புக்கொண்டது" என்ற வாதத்துக்கு எடை குறைவு.

மனுவுக்கு முன்னால் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியைத் திறந்து பாருங்கள். குழுத் தீர்மானங்கள் அதில் பதிவேற்றப்படுகின்றன. உங்கள் பள்ளியின் தீர்மானம் அதில் இருந்தால், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கையெழுத்துப் பதிவேடு கைக்கு வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செயலியில் இல்லாத தீர்மானம் பதிவேட்டில் இருந்தால், எப்போது எழுதினார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

மனுவில் பலரும் சறுக்கும் இடம் "ஏன்" என்ற சொல். "ஏன் இந்த ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான், மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டும். புதிதாகத் தொகுத்தோ விளக்கம் எழுதியோ தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. எனவே காரணத்தைக் கேட்காமல், காரணம் எழுதப்பட்டிருக்கும் தாளைக் கேளுங்கள். ஒப்பந்ததாரர் விஷயம் என்றால் விலைப்புள்ளிகளும் (கொட்டேஷன்) அவற்றின் ஒப்பீட்டுப் பட்டியலும்.

எங்கள் மனுவில் ஒரே வேலைக்கான தாள்களை வரிசையாகக் கேட்டோம். கூட்ட அழைப்புச் சுற்றறிக்கை, அந்த நாளின் வருகைக் கையெழுத்துப் பக்கம், தீர்மானப் பக்கம், விலைப்புள்ளிகள், செலவுச் சீட்டு, ரொக்கப் பதிவேட்டில் அந்த மாதம், பயன்பாட்டுச் சான்றிதழ். "கடந்த ஐந்து ஆண்டு ஆவணங்கள் அனைத்தும்" என்று கேட்பது வீம்புக்கு நன்றாக இருக்கும். பதில் மட்டும் வராது. ஒரு வேலை, ஒரு நிதியாண்டு என்று சுருக்குங்கள். வங்கிப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2021 முதல் மத்திய நிதித் திட்டங்களில் பள்ளிக் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்காகிவிட்டது, அதாவது பணம் அதில் தங்குவதில்லை. பணம் யாருக்குப் போனது என்பது இணையத்தில் தயாராகும் பேமென்ட் அட்வைஸ் என்ற பணப் பட்டுவாடாத் தாளில்தான் தெரியும், அதன் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம், மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 101 முதல் 250 பேர் என்றால் 50,000 ரூபாய், 251 முதல் 1,000 பேர் வரை 75,000. இந்தத் தொகை தெரிந்திருந்தால் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும்போது உதவும்.

மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம் (இனி வரும் பிரிவு எண்களும் இந்தச் சட்டத்தவை). சொல்லாமல் இருப்பதே உத்தமம். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், அதற்கு மேல் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், "பொதுத் தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் அனுப்பலாம். இடம் மாறிப் போனாலும் 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு 30 நாள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கெடு தாண்டினால் 7(6)இன்படி இலவசமாகவே தர வேண்டும். இதை மேல்முறையீட்டில் மறக்காமல் எழுதுங்கள்.

மறுப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும். "மூன்றாம் நபர் தகவல்" என்பது முதலாவது. மூன்றாம் நபரைக் கேட்டு முடிவெடுக்க 11ஆம் பிரிவு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. மறுக்கும் உரிமையை அது தரவில்லை. "தனிநபர் தகவல்", அதாவது 8(1)(ஜே), இப்போது கொஞ்சம் கடினமான சுவர்தான். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் அந்தப் பிரிவு மாற்றப்பட்டு, பொதுநலனுக்காகத் தரலாம் என்ற பழைய வாசகம் அதிலிருந்து போய்விட்டது. ஆனால் 8(2) அப்படியே நிற்கிறது. பொதுநலன் பெரிது என்று காட்டினால் தரலாம். தவிர, உறுப்பினர்களின் கைபேசி எண், ஆதார் எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 10ஆம் பிரிவைக் காட்டி முதலிலேயே எழுதிவிட்டால் அந்தச் சாக்கு பாதி செத்துவிடும். "பதிவேடு காணவில்லை" என்றால், அது மறுப்பதற்குச் சட்டத்தில் இல்லாத காரணம். விசாரித்துப் பொறுப்பாளரைக் கண்டறியச் சொல்லலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. உதவி பெறும் பள்ளி "நாங்கள் தனியார்" என்று சொன்னால், கணிசமான அரசு நிதி பெறும் நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்ற 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

இவ்வளவும் இருந்தாலும், என் பார்வையில் மனுவின் உயிர் கடைசி வரியில்தான் இருக்கிறது: "மேற்படி பதிவேடுகளின் மூலத்தை 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்." முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலில் எல்லா மையும் கறுப்பாகிவிடும். மூலத்தைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். நாங்கள் பார்த்த பதிவேட்டில் உறுப்பினர்களின் கையெழுத்துகள் பக்கத்தின் அடிப்பகுதியில், வெவ்வேறு பேனாக்களில், நிதானமாக இருந்தன. அவற்றுக்கு மேலே தீர்மான வாசகம் முதல் சில வரிகள் விரிவாகத் தொடங்கி, கையெழுத்தை நெருங்க நெருங்க எழுத்து சுருங்கி, கடைசி வரி ஒரு பெயரின் மேலேயே ஏறி நின்றது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டுப் பின்னால் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். அடுத்தடுத்த மூன்று மாதத் தீர்மானங்கள் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருப்பதும் கவனிக்க வேண்டிய அடையாளம். பக்க எண் இல்லாத பதிவேடு, ஒட்டிய துண்டுத்தாள், விலைப்புள்ளிகள் மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை ஆகியவற்றையும் தேடுங்கள். பார்த்ததைத் தேதி, பக்க எண்ணோடு அங்கேயே குறித்து, வேண்டிய பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். முத்திரையும் கையெழுத்தும் இல்லாத ஜெராக்ஸை மேலதிகாரி தொட மாட்டார்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதை 30 நாளில், கூடிப்போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும். அதற்குள் பிள்ளை அடுத்த பள்ளிக்கே போய்விடலாம். ஆனாலும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும் என்பதால், முதல் மேல்முறையீட்டில் 20ஆம் பிரிவைக் குறிப்பிட்டதுமே தாள்கள் நகரத் தொடங்கும்.

தாள்கள் கைக்கு வந்ததும் குழுவின் பெற்றோர் உறுப்பினர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். பலருக்குத் தாங்கள் கையெழுத்திட்ட தீர்மானம் என்ன என்பதே அப்போதுதான் தெரியும். "இந்த வாசகம் அன்று வாசிக்கப்படவில்லை" என்று அவர்களில் இருவர் எழுதிக் கொடுத்தால்கூட, முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுக்கும் மனுவுக்கு அது போதும். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது எளிது: தீர்மானத்தை உரக்க வாசித்து, எழுதி முடித்து, மீதி இடத்தில் குறுக்குக் கோடு போட்ட பிறகே கையெழுத்து என்று ஒரு தீர்மானம்.