இரு வேர்ச்சொற்களால் ஒரு பெயர்

பண்டைக் கிரேக்கர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரே பெயர், வேண்டுமானால் அதனோடு தந்தையின் பெயரும் ஊர்ப்பெயரும் சேரும். அந்த ஒற்றைப் பெயரிலேயே குலப்பெருமையையும் பிள்ளையைப் பற்றிய ஆசையையும் பொதிந்து வைக்க, அவர்கள் பெரும்பாலும் இரண்டு வேர்ச்சொற்களை இணைத்தார்கள். நேசத்தைக் குறிக்கும் 'பிலோஸ்', குதிரையைக் குறிக்கும் 'ஹிப்போஸ்' இரண்டும் சேர்ந்து பிலிப்போஸ் ஆயிற்று. அந்தப் பெயர் தாங்கிய மாசிடோனிய அரசர் ஒருவரின் மகன்தான் அலெக்ஸாண்ட்ரோஸ், நாம் அறிந்த மாவீரன் அலெக்சாண்டர்; பெயரின் பொருள் மக்களைக் காப்பவன்.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்வது, உறுப்புகளை முன்பின்னாக மாற்றினாலும் பெயர் நிற்பதுதான். தெய்வம், கொடை என்னும் இரு சொற்களிலிருந்து தியோடோரோஸும் வரும், டோரோதியோஸும் வரும். எகிப்தின் கடைசி அரசி கிளியோபாட்ராவும் டிராய்ப் போரில் மாண்ட அக்கிலீஸின் உயிர்த்தோழன் பாட்ரோக்ளோஸும் சுமந்தவை, 'புகழ்', 'தந்தை' என்னும் அதே இரு வேர்களைத்தான்.

எந்த வேரைத் தேர்வது என்பதில் வீட்டுக்குள் சச்சரவும் எழுந்திருக்க வேண்டும். கி.மு. 423இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' நாடகத்தில், உயர்குடியில் பிறந்த மனைவி, மகன் பெயரில் 'ஹிப்போஸ்' இருந்தே தீரவேண்டும் என்று சாந்திப்போஸ், காலிப்பிடீஸ் என அடுக்குகிறாள். குதிரை வளர்ப்பது அங்கே செல்வர்களுக்கே கட்டுப்படியாகும். ஏதென்ஸின் சட்டங்களை வகுத்த சோலோன் குடிமக்களைப் பிரித்த செல்வ வரிசையில் இரண்டாம் வகுப்பாரின் பெயரே 'குதிரைக்காரர்' என்பதுதான். நாட்டுப்புறத்துக் கணவனோ, தன் குடும்பத்துப் பெரியவர் நினைவாக, சிக்கனம் என்ற வேரைக் கொண்ட பெய்டோனிடீஸ் என்றே வைக்க விரும்புகிறான். கடைசியில் இருவரும் சமரசமாகி, சிக்கனத்தையும் குதிரையையும் ஒட்டிப் பெய்டிப்பிடீஸ் என்று பெயரிடுகிறார்கள். பையன் வளர்ந்து குதிரைப் பித்துப் பிடித்துத் தந்தையைக் கடனில் ஆழ்த்துகிறான்.

இன்று கிரேக்க வேர்களைக் கொண்டு பெயர் புனைய விரும்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது என்று கருதுகிறேன். இரண்டாம் சொல் மெய்யில் தொடங்கினால் பெரும்பாலும் இடையில் ஓர் ஒகரம் வரும், உயிரில் தொடங்கினால் பெரும்பாலும் வராது ('ஹிப்போஸ்' போன்றவற்றின் 'ஹ' மெய்யாகக் கணக்கில் வராது); ஒலி விதி இவ்வளவு எளிது. பொருளை மட்டும் ஒரு வாக்கியம் போல் நேராகப் படித்துவிடக் கூடாது. அரிஸ்டாட்டிலின் தந்தை மாசிடோனிய அரசவை மருத்துவர். ஆனாலும் அவர் பெயர் 'வெற்றி', 'போர்' என்னும் வேர்களாலான நிகோமாகோஸ். அரிஸ்டாட்டில் தம் மகனுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்.