கத்திரி வெயிலில் ஒரு விஆர் கணினி: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள் 36 டிகிரி. தலையில் மாட்டி ஆடும் விஆர் (மெய்நிகர்) விளையாட்டில் படம் ஏன் நெளிகிறது, கணினியில் எந்தப் பாகம் குறை என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. மார்கழியில் எந்தக் கணினியும் ஒழுங்காகத்தான் ஓடும்.

பெட்டிக்குள் இருப்பவை: புராசசர் ரைசன் 5 3600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. தலையில் மாட்டும் ஹெட்செட் குவெஸ்ட் 3, 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் (ஃபிரேம்). அந்த வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கெடு 11.1 மில்லிசெகண்ட். மானிட்டரில் கெடு தவறினால் படம் லேசாகத் திக்கும், அவ்வளவுதான். விஆரில் அப்படி இல்லை. மென்பொருள் வேகத்தை 45க்கு இறக்கிவிட்டு, இடையில் வரவேண்டிய ஃபிரேமைத் தானே ஊகித்து நிரப்பும். கார் பந்தய விளையாட்டில் ஸ்டீயரிங் விளிம்பும் ஓரத்துக் கம்பிவேலியும் கானல் நீர் மாதிரி நெளிவது அதனால்தான். பத்து நிமிடத்தில் குமட்டும்.

அசெட்டோ கோர்சா என்ற பந்தய விளையாட்டில் 24 கார்களை ஓடவிட்டு, ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தை அளக்கும் எஃப்பிஎஸ்விஆர் செயலி காட்டிய கணக்கு, மில்லிசெகண்டில்: புராசசர் (சிபியூ) 14.5, கார்டு (ஜிபியூ) 9.6. விஆர் விளையாட்டுகளை இயக்கும் ஸ்டீம்விஆரில் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்கத்தை) 60 சதவீதத்துக்கு இறக்கியதும் ஜிபியூ 6.4 ஆனது. சிபியூ அசையவே இல்லை. கார்களை 6 ஆகக் குறைத்ததும் சிபியூ 8.9க்கு வந்தது. ஆக, மூச்சு முட்டுவது புராசசருக்கு. புது கார்டு வாங்கிப் போட்டிருந்தால் காசு போயிருக்கும், நெளிவு அப்படியே இருந்திருக்கும்.

ஹாஃப்-லைஃப் அலிக்ஸ் என்ற விஆர் விளையாட்டை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. பாரம் ஏறினால் அது தன் ரெசல்யூஷனைத் தானே குறைத்துக்கொள்ளும். எண் அழகாக வரும், உண்மை தெரியாது.

மே 6, செவ்வாய்

செலவில்லாத வேலை முதலில். ராம் குச்சியில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது, ஓடிக்கொண்டிருந்ததோ 2133ல். பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்), ராமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் சிபியூ 13.1. கெடுவுக்குள் வரவில்லை, ஆனாலும் ஓசியில் கிடைத்தது.

கார்டு 83 டிகிரியைத் தொட்டது. அந்தச் சூட்டில் 3060 தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஓட்டினால் 76. குறை கார்டில் இல்லை, காற்று உள்ளே வரும் வழியில். முன்பக்க ஃபில்டரைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி. கழுவி, நிழலில் காயவைத்து மாட்டி, ஆஃப்டர்பர்னர் செயலியில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கியதும் மூடி போட்ட நிலையிலேயே 74. வேகத்தில் இழந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

கார்டு பற்றி ஒரு கணக்கு, பிறகு உதவும். என்விடியாவின் புதுக் கார்டுகளில் 5060 டிஐ போன மாதம் வந்துவிட்டது, 5060 இந்த மாதம். இரண்டும் 8 லேன் கார்டுகள், அதாவது போர்டோடு 8 தடத்தில்தான் பேசும். பி450 போர்டில் கார்டு செருகும் பாதை பழைய பிசிஐஇ 3.0தான் என்பதால், அவற்றுக்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. கார்டின் மெமரி போதும்வரை இது பெரிய விஷயமில்லை. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தால் மீதி ராமிலிருந்து இந்தக் குறுகலான பாதையில் வரவேண்டும், அங்கேதான் படம் வெட்டும். விஆருக்கென்று வாங்குபவர்கள் 8 ஜிபி கார்டைத் தொடாமல் இருப்பது நல்லது. கையில் இருக்கும் 3060ன் 12 ஜிபியைக் கொடுத்துவிட்டு 8 ஜிபிக்குப் போவது நிச்சயம் தப்பு.

மே 18, ஞாயிறு

மின்சாரம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி இருந்தது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது. எலக்ட்ரீஷியன் கொல்லைக்குப் போய்க் குழியைப் பார்த்ததுமே சொன்னார்: "எர்த் பைப்புக்குத் தண்ணி ஊத்தி எத்தன வருசமாச்சு அண்ணாச்சி? மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கே." உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த கிளாம்பையும் மாற்றினார். இப்போது 1.8. கோடை முழுக்க வாரம் ஒரு குடம் ஊற்றவேண்டும்.

யுபிஎஸ் 600 விஏ, அதாவது சுமார் 360 வாட். விஆர் ஓடும்போது கணினியும் மானிட்டரும் சேர்ந்து 350ஐத் தொடுகின்றன. கரண்ட் போன அதே நொடியில் இதுவும் கீச்சென்று அணைந்துவிடும். 1100 விஏ வந்தது. புராசசருக்கு முன்னால் இதை வாங்கியதற்குக் காரணம் அடுத்த வேலை.

ஜூன் 8, ஞாயிறு

பயாஸ் ஏற்றும் நாள். புது புராசசர் 5700எக்ஸ்3டி. எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 3600ல் 32 எம்பி, இதில் 96. நிறைய கார்களின் கணக்கை ஒரே நேரத்தில் போடும் விளையாட்டுக்கு அந்தக் கேஷ்தான் மருந்து. போர்டும் ராமும் அப்படியே இருக்கும். ஆனால் பழைய பயாஸுக்கு இந்தச் சிப்பை அடையாளம் தெரியாது, அதனால் பழைய சிப் இருக்கும்போதே புது பயாஸை ஏற்றிவிடவேண்டும்.

ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு, விடிகாலையில், யுபிஎஸ் முழுச் சார்ஜில் இருக்கும்போது செய்தது. பயாஸ் கோப்பு போர்டின் மாடலோடும் ரிவிஷன் எண்ணோடும் ஒத்துப்போகவேண்டும். பென்டிரைவ் ஃபேட்32ல் இருக்கவேண்டும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முதலில் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். ஏற்றி முடித்ததும் எல்லா அமைப்பும் பழையபடி ஆகிவிடும், எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்ய மறக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

சிப் மாற்றம். இந்தச் சிப்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து பசையாகிவிடும். கூலரை நேராக இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே சிப்பும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அதனால் பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கை உருவி, கூலரின் நாலு திருகையும் குறுக்குக்குறுக்காகத் தளர்த்தியது. பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருகினால், பிடி விட்டுவிட்டது கைக்கே தெரியும். அதற்கப்புறம்தான் தூக்கவேண்டும்.

3600ன் கூலர் போர்டுக்குப் பின்னாலிருக்கும் தகட்டில் திருகப்பட்டது. திருகைக் கழற்றியதும் தகடு பின்னால் விழுந்துவிடும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளவேண்டும். புது சிப்போடு கூலர் வராது. நாலு ஹீட்பைப், 120 மிமீ விசிறி வைத்த டவர் கூலர் போதும். பேஸ்ட் பட்டாணி அளவு.

அதே தடம், அதே 24 கார்: சிபியூ 8.6. நெளிவு போயே போய்விட்டது.

ஜூன் 22, ஞாயிறு

வயரில்லாமல் ஓட்டினால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டர் அதே அறையில், படத்தை அனுப்பும் வேகம் (பிட்ரேட்) 150 எம்பிபிஎஸ். எல்லாம் சரி. கணினியை ரவுட்டரோடு இணைக்கும் ஈதர்நெட் வயரின் வேகத்தை விண்டோஸில் பார்த்தால் 100/100, அந்த 150க்குப் போதாது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடியே போதும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டிருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்புக் கம்பி முனைவரை போகவே இல்லை. வெட்டிப் புதுப் பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) 1000.

ஹெட்செட்டை மேற்குச் சன்னல் பக்கம் வைக்கவே கூடாது. லென்ஸ் வழியாக விழும் வெயில் திரையைப் பொசுக்கிவிடும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆனிக் காற்று வாரி அடிக்கிறது. ஃபில்டரை ஞாயிறுதோறும் கழுவவேண்டியிருக்கிறது.

ஜூன் 5ல் ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி கார்டு வந்துவிட்டது. அது 16 லேன் கார்டு, 16 ஜிபியிலும் கிடைக்கிறது. இந்தப் போர்டுக்குப் பொருந்தக்கூடியது. ஆனால் ரெசல்யூஷனை 115 சதவீதத்துக்கு ஏற்றியும் 3060 10.8 மில்லிசெகண்டில்தான் நிற்கிறது. 120ல் 11.3. 115லேயே விட்டாயிற்று, கார்டு வாங்கவில்லை. வழக்கமாக ஓட்டும் விளையாட்டு ஒன்று 100 சதவீதத்தில் 11ஐத் தாண்டும் அன்றைக்குத்தான் கார்டு.