விட்டில் பூச்சியும் கப்பல் சாப்பாடும்

நேற்று ராத்திரி மகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கப்பல் கதை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் victuals என்ற சொல்லை 'விக்சுவல்ஸ்' என்று கம்பீரமாகப் படித்தேன். அவள் சும்மா இருக்காமல் அகராதி செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினாள். "விட்டில்ஸ்" என்றது அது. விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அர்த்தம் என்னவோ உணவுப் பண்டங்கள்!

தோண்டிப் பார்த்தால், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'சி' என்ற எழுத்தே இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று படித்தவர்கள் பின்னால் நடுவில் செருகிவிட்டார்கள். சாமானியர்களின் நாக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லில் 'பி' நுழைந்ததும் இதே வழியில்தான்.

கப்பல்காரர்கள் இன்னும் மோசம். தளத்து ஆட்களை மேய்க்கும் அதிகாரியை 'போட்ஸ்வெய்ன்' என்று எழுதிவிட்டு 'போசன்' என்கிறார்கள். கப்பலின் முன்பகுதி எழுத்தில் 'ஃபோர்காசில்', வாயில் 'ஃபோக்சில்'. காற்றில் கத்திக் கத்தித் தேய்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

ராணுவக் 'கர்னல்' (colonel) கதை வேறு. சொல்லின் நடுவில் இத்தாலிய மூலத்தில் 'ல', பிரெஞ்சில் ஒரு காலத்தில் 'ர'. ஆங்கிலேயர்கள் எழுத்தில் 'ல'வையும் உச்சரிப்பில் 'ர'வையும் எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் தட்டில் இட்லி வைத்தேன். "அப்பா, விட்டில்ஸ் ரெடியா?" என்கிறாள்.