ரம்புத்தான் மரத்துக் கூடும் என் தேனீப் பெட்டிகளும்

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வலம் வந்தது. கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கதண்டு, அதாவது பெரிய குளவி, தேனீயின் தலையைக் கொய்து எறிவதைக் காட்டிய அந்தக் காணொளியின் கீழே, அமெரிக்காவை மிரட்டிய கொலைகாரக் குளவி மலேசியாவுக்கும் வந்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதே வாரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள ரம்புத்தான் மரத்தில் குடம் அளவுக்கு ஒரு கூடு தொங்குவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை டியூஷன் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்கினார்கள். அடுத்த வரிசை வீட்டு அக்கா என்னிடம் வந்து, "தம்பி, நீங்க தேனீ வளர்க்கிறவரு. அது உங்க பெட்டியோட நிக்குமா, இல்ல நம்ம பிள்ளைங்களையும் கொட்டுமா?" என்று கேட்டார். அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதிவிட விரும்புகிறேன்.

ரம்புத்தான் மரத்தில் இருந்தது வேற்று நாட்டிலிருந்து வந்த குளவி அன்று. கறுத்த உடலில், வயிற்றின் முன்பகுதி மட்டும் மஞ்சளில் தோய்த்து எடுத்ததைப் போல இருக்கும் அந்த இனத்துக்கு அறிவியலில் வெஸ்பா அஃபினிஸ் என்று பெயர். நம் மலாய் அண்டை வீட்டார் தெபுவான் என்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் நெரை பிடித்துப் பால்மரம் சீவிய என் அப்பாவின் தலைமுறைக்கு அது நன்கு பழகிய பூச்சி. காட்டில் கூடு இருக்கும் மரம் தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் உள்ளூர்க் குளவி என்பதால் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. தேனீயின் கொடுக்கில் இருக்கும் முள் நம் தோலில் சிக்கிக்கொள்வதால், கொடுக்கே பிய்ந்துபோகும். கதண்டின் கொடுக்கோ அப்படிச் சிக்காது, ஒரே கதண்டு பலமுறை கொட்டும். கூட்டை அசைத்தால் எச்சரிக்கை வாசனை பரவி மற்றவையும் திரண்டு வரும். பல இடங்களில் கொட்டுப்பட்டவருக்குச் சிறுநீரகம் பழுதடையவும் கூடும் என்பதால், வலி தணிந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

காணொளியில் வந்தது வேறொன்று. வெஸ்பா மண்டரினியா என்னும் அந்தக் கதண்டுதான் உலகிலேயே பெரியது. அதன் ராணி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வரை வளரும். ஆசியாவைச் சேர்ந்த அது 2019இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அந்த ஆண்டின் இறுதியில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் தென்பட்டது. 2020 அக்டோபரில், பிடிபட்ட ஒரு கதண்டின் இடுப்பில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் ரேடியோ அலை அனுப்பும் ஒரு சிறிய கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, அதைப் பின்தொடர்ந்தே பிளேன் என்னும் ஊரருகே ஒரு மரப்பொந்தில் இருந்த கூட்டைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டில் மேலும் மூன்று கூடுகள் அழிக்கப்பட்டன. அதன்பின் ஒன்றும் காணப்படாததால், 2024 டிசம்பரில் அமெரிக்கா அதனை முற்றாக ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஊர் மக்கள் தங்கள் கண்ணில் பட்டதைப் படம் எடுத்து உடனுக்குடன் அனுப்பியது அந்தப் பணிக்குப் பேருதவியாக இருந்தது. அமெரிக்காவிலேயே முடிந்துபோன ஒரு செய்தி நம் குழுவில் புதிய அச்சமாகச் சுற்றுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னும் முடியாத கதையும் ஒன்று உண்டு, அது நமக்கு மிக நெருக்கமானது. வெஸ்பா வெலுட்டினா என்னும் மஞ்சள் கால் கதண்டு சீனாவிலிருந்து வந்த மண்பாண்டங்களோடு 2004 வாக்கில் பிரான்சுக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவி, 2016இல் பிரிட்டனிலும் 2023இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலும் கண்டறியப்பட்டது. தேன் பெட்டியின் வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்று, திரும்பிவரும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவது அதன் வழக்கம். அங்குள்ளவர்களுக்கு அந்நியமான இந்தக் கதண்டின் பூர்வீக எல்லையில் நம் மலாயாத் தீபகற்பமும் அடங்கும். அப்படியானால், அங்கே பெட்டி பெட்டியாகத் தேனீக்களை நலியச் செய்யும் பூச்சி இங்கே ஏன் செய்திகூட ஆவதில்லை?

விடையை என் பெட்டிகளில் கண்டேன். நான் வளர்ப்பது ஏபிஸ் செரானா, அதாவது நம் ஆசியத் தேனீ. ஒரு நாள் காலை ஒரு கதண்டு வாசல் பலகையை ஒட்டி வட்டமிட்டபோது, காவல் தேனீக்கள் பறந்து போய்ச் சண்டையிடவில்லை. நெருங்கி நின்று, வயிற்றை உதறி, காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல ஓர் அலையை எழுப்பின. 'உன்னைப் பார்த்துவிட்டோம்' என்று சொல்லும் அடையாளம் அது. அதையும் மீறிக் கதண்டு பலகையில் இறங்கிய நொடியில் சில டசன் தேனீக்கள் அதன்மேல் பாய்ந்து, எலுமிச்சம்பழம் அளவு உருண்டையாகத் திரண்டன. உள்ளிருந்து அடக்கமான ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. பறக்க உதவும் தசைகளைச் சிறகு விரிக்காமலே அதிரச் செய்து, அந்த உருண்டையின் நடுவே வெப்பத்தை ஏறக்குறைய 46 பாகை செல்சியசுக்கு அவை உயர்த்துகின்றன. கதண்டால் அதைத் தாங்க முடியாது. தேனீயோ அதற்குச் சில பாகை கூடுதலாகவும் தாங்கும். உருண்டை கலைந்தபோது கதண்டு கால்களை மடக்கிக் கிடந்தது, அருகில் இரண்டு தேனீக்களும் இறந்து கிடந்தன. மேலைநாட்டுத் தேனீக்கு இந்த உத்தி அவ்வளவாகக் கைவரவில்லை. அது பெரும்பாலும் தனித்தனியாகப் பாய்ந்து தனித்தனியாகவே மடிகிறது. இந்தக் கதண்டோடு பல தலைமுறை சேர்ந்து வாழாத ஓர் இனத்திடம் அந்தப் பாடத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

வெளியிலிருந்து வரும் பூச்சி எல்லாமே கேடு என்று எங்கள் தோட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. என் அம்மா 1970களில் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் கையால் மகரந்தம் தூவும் வேலை செய்தவர். 1981இல் ரஹ்மான் சையது என்னும் பூச்சியியலாளரின் முயற்சியால், கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டு கொண்டுவரப்பட்டுச் செம்பனைக் காடுகளில் விடப்பட்டது. அது அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. மற்றப் பயிர்களைத் தொடாது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்த பிறகே அதற்கு வாசல் திறந்தார்கள். மண்பாண்டத்துக்குள் ஒளிந்து போன கதண்டை அப்படி யாரும் சோதிக்கவில்லை.

எங்கள் கூட்டுக்கு வருகிறேன். அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் நீண்ட கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் போனார். கம்பு கூட்டைத் தொடும் முன்பே கழுத்தில் நான்கு கொட்டு; இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். இதை ஏன் முன்பே எச்சரிக்கவில்லை என்று என்னையே இன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கூடு இருந்தால் அவசர உதவி எண்ணான 999க்கு அழைத்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு உடையோடு பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. கதண்டுகள் அடங்கியிருக்கும் இரவு வேளையில் வந்து கூட்டை இறக்கினார்கள். பிள்ளைகள் யாரும் வெளியே வர வேண்டாம் என்று மண்டப ஒலிபெருக்கியில் அறிவித்தோம்.

மறுநாள் மரத்தடியில் கூட்டின் உடைந்த ஓடு ஒன்று கிடந்தது. மரத்தைச் சுரண்டி, எச்சிலோடு மென்று செய்த காகிதம் அது. சாம்பலும் காவியுமாய்ப் பிறை பிறையான கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு கதண்டு ஒருமுறை வாயில் கொண்டுவந்த மரம் என்று டியூஷன் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மண்டபத்தின் தூண், பழைய கதவு, வேலிப்பலகை என்று ஒவ்வொன்றின் அருகிலும் வைத்து நிறம் பார்த்துக்கொண்டே போனார்கள். அக்காவின் மகள்தான் கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். நரைத்த ஒரு கோடு, என் தேனீப் பெட்டியின் கூரைப்பலகையோடு அப்படியே ஒத்துப்போயிற்று.