இடுகாட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஓடுபாதை

பள்ளி நாள்களில், தாத்தாவை அடக்கம் செய்த சுவா சூ காங் இந்து இடுகாட்டுக்கு ஆண்டுதோறும் குடும்பத்தோடு போவோம். லிம் சூ காங் சாலையில் வண்டி திரும்பியதும் சித்தப்பா தவறாமல் ஒன்று சொல்வார்: "இது ரோடு இல்லடா, ரன்வே." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணிக்குப் போன பிறகுதான் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. 1986 முதல் சிங்கப்பூர் ஆகாயப் படை அவ்வப்போது அச்சாலையை மூடி, விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் போக்குவரத்துப் பலகைகளையும் கழற்றியெடுத்து, தளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, போர் விமானங்களை ஏற்றி இறக்கிப் பார்க்கிறது. சாலையின் அகலம் 24 மீட்டர். எஃப்-15 விமானத்தின் இறக்கை விரிவோ சுமார் 13 மீட்டர். விமானம் நடுக்கோட்டிலேயே ஓடினாலும் இருபுறமும் ஐந்தரை மீட்டர்தான் மிஞ்சும்.

ஒரு சிறிய நாட்டின் வான்வலிமைக் கோட்பாட்டைப் பற்றி யாராவது கேட்டால், நான் அவரை முதலில் அந்தச் சாலைக்குத்தான் அழைத்துப்போவேன். கோட்பாடு என்பது எதை முதலில் காப்பது, எதை இழக்கத் துணிவது, எவ்வளவு நேரத்துக்குள் முடிவெடுப்பது என்பவற்றைப் போர் வருவதற்கு முன்பே தீர்மானித்து வைப்பது. பெரிய நாடுகளின் கோட்பாட்டாளர்கள், தளம் எப்போதும் இருக்கும், பின்வாங்க இடமும் இருக்கும் என்ற நிம்மதியிலிருந்து எழுதினார்கள். சிங்கப்பூருக்கு அந்த நிம்மதி கிடையாது. கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவை, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் மூன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

இதற்கு 1942 சாட்சி. ஜப்பானியப் படை தீவுக்கு வடக்கே உள்ள ஜோகூரைக் கைப்பற்றியதும் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்று விமானத் தளங்களும் நீரிணைக்கு அப்பாலிருந்து சுடும் பீரங்கிகளின் எல்லைக்குள் வந்துவிட, எஞ்சியது காலாங் மட்டுமே. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் மிச்சமிருந்த பிரிட்டிஷ் போர் விமானங்கள் சுமத்ராவுக்குப் போய்விட்டன. விமானங்கள் குறைவாகவும் பழையனவாகவும் இருந்தன என்பது தெரிந்த கதை. ஆனால், தளமே எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் கோட்பாட்டை எழுதுபவர் மறக்கக்கூடாத செய்தி. கால் நூற்றாண்டு கழித்து, 1967 ஜூன் 5 அன்று இஸ்ரேலிய விமானப்படை சில மணி நேரத்தில் எகிப்தின் விமானங்களில் பெரும்பகுதியைத் தரையிலேயே அழித்ததும் அதே செய்தியைத்தான் சொன்னது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷார் 1971 இறுதிக்குள் வெளியேறப்போவதாக அறிவித்துவிட்டிருந்த வேளையில், செஸ்னா 172 என்ற சிறு விமானங்களில் விமானிகளைப் பழக்கத் தொடங்கிய அமைப்பு அது. 1975இல்தான் அதற்கு ஆகாயப் படை என்ற பெயர் வந்தது.

கோட்பாட்டு நூல் எதையும் அரசு நம் கையில் கொடுப்பதில்லை. வாங்கிய பொருள்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால், பணம் முதலில் நேரத்தை வாங்கச் செலவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு. 1980களிலேயே, கையில் நவீனப் போர் விமானங்கள் அதிகம் இல்லாதபோதே, வானிலிருந்து வேவு பார்க்கும் நான்கு ஈ-2சி ஹாக்ஐ விமானங்களை வாங்கினார்கள். 2014இல் அறிவிக்கப்பட்ட 55 மீட்டர் நீளமுள்ள கட்டுப்பலூனும் அதே வகைதான். அடுக்குமாடிகள் உயர உயரத் தரையிலுள்ள ரேடாரின் பார்வை மறைந்துபோவதால், 600 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணைக் கட்டிப் பறக்கவிட்டு 200 கிலோமீட்டர் தூரம் வரை பார்க்கும் ஏற்பாடு அது. நாமே கட்டிய வீடுகள் நம் பார்வையை மறைக்கின்றன என்பது பெரிய நாட்டுக் கோட்பாட்டாளர் யாருக்கும் வந்திருக்க முடியாத கவலை.

நேரத்துக்கு அடுத்தது இடம். அதைக் கடன் வாங்கினார்கள். பிரான்சின் கஸோ தளத்திலும் (1998 முதல்), ஆஸ்திரேலியாவின் பியர்ஸ், ஓக்கி தளங்களிலும், அமெரிக்காவின் அரிசோனா, ஐடஹோ மாநிலங்களிலும் சிங்கப்பூர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். இதைச் செலவு என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தளத்தில் உள்ளவை அனைத்தும் ஒரே காலையில் அழிந்தாலும், படையின் ஒரு பகுதி வேறொரு கண்டத்தில் முழுமையாக நிற்கும். அதே வேளையில், இந்தக் கடனுக்கு வட்டி உண்டு: இடம் கொடுத்தவரின் நல்லெண்ணம் நீடிக்கும்வரைதான் இடம். 1998 செப்டம்பரில் மலேசியா தன் வான்வெளியில் நம் படை விமானங்களுக்கு இருந்த அனுமதியை விலக்கிக்கொண்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எஃப்-35 போர் விமானக் கொள்முதலையும் நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். முதலில் தேர்ந்தெடுத்த 12 விமானங்களும் குறுகிய தூரத்தில் எழும்பி, செங்குத்தாக இறங்கக்கூடிய பி வகை. ஓடுபாதை அறுந்துபோனாலும் போரைத் தொடரலாம் என்பதற்காக, எரிபொருளுக்குரிய இடத்தில் விசிறி ஒன்றைச் சுமந்து, பறக்கும் தூரத்தை விட்டுக்கொடுக்கும் விமானம் அது. 2024இல், வழக்கமான ஓடுபாதையிலிருந்து எழும்பி அதைவிடத் தொலைவு பறக்கும் ஏ வகை விமானங்கள் மேலும் எட்டை அறிவித்தபோது, விட்டுக்கொடுத்த தூரத்தில் கொஞ்சத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று தோன்றியது. லிம் சூ காங் சாலையில் ஒத்திகை பார்த்த எண்ணமே பி வகையில் விமானத்தின் உடலுக்குள் போய்விட்டது எனலாம்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். இந்தக் கோட்பாட்டுக்கான விலையில் நிலத்தின் பங்கைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பாய லேபார் விமானத் தளம் 2030களில் மூடப்படும்போது வீடுகளுக்கு நிலம் கிடைக்கும், சுற்றுவட்டாரத்தில் கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும் என்பதை எல்லாரும் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். அதற்கு ஈடாகத் தெங்கா விரிவடைய வேண்டும். 2017 ஜூலையில் வந்த அறிவிப்பின்படி, அதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் தோண்டியெடுக்க வேண்டியவை 45,500 சீனக் கல்லறைகளும் 35,000 முஸ்லிம் கல்லறைகளும். அன்று மாலை சித்தப்பா நாளிதழை மேசைமேல் விரித்து, வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "நம்ம பக்கம் வரலடா" என்று மட்டும் சொன்னார்.