சம்பந்தி ஊரும் பங்காளி ஊரும்

அக்டோபர் 8, 2025, புதன்

கீழமாசி வீதியில் பொட்டுக்கடலையும் ஏலக்காயும் கசகசாவும் வாங்கிக்கொண்டு பழங்காநத்தம் வந்து சேரப் பிற்பகல் மூன்றாகிவிட்டது. கசகசா விற்கிற விலையில், அதைச் சோமாசியில் போடுவதா கழுத்தில் போடுவதா என்று தெரியவில்லை. தீபாவளிக்கு இதுவரை பதினான்கு வீட்டு ஆர்டர். எண்ணெய்ச் சட்டியை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை.

மாலையில் மகன் அழைத்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், கேம்போர்ன் சுரங்கக் கல்லூரியில் படிக்கிறான். 1888-இல் தொடங்கிய கல்லூரி. பெயரில்தான் கேம்போர்ன், இப்போது இருப்பது பென்ரினில். ரெட்ரூத் என்ற பக்கத்து ஊருக்குப் போயிருந்தானாம். கையில் ஒரு பண்டத்தைப் பிடித்துக் காட்டினான். பேஸ்டி. அரை வட்டம், ஓரத்தில் கயிறு முறுக்கியதுபோல் மடிப்பு. "அப்பத்தா, இது நம் சோமாசியேதான். வயிறு மட்டும் பெரிது" என்றான். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த அத்தைக்கு, அதாவது அவன் அப்பத்தாவுக்கு, அதில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. அவர் வளர்ந்தது கோலார் தங்கவயலில்.

பிறகு சொன்னதுதான் விஷயம். ரெட்ரூத்துக்கு மெக்சிகோவில் ஓர் இரட்டை நகரம் உண்டு, பெயர் ரியல் டெல் மோன்ட்டே. கேம்போர்னுக்கு அதன் பக்கத்தில் இருக்கும் பச்சூகா. 2008-இல் முறைப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்களாம்.

"ஒன்று இங்கே, ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம். அதெப்படி இரட்டை?" என்றார் அத்தை.

"ஒரு ஊர்க்காரர்கள் இன்னோர் ஊருக்கு விருந்துக்குப் போய்வருவார்கள் அப்பத்தா, உறவு மாதிரி."

"அப்படியானால் சம்பந்தி ஊர் என்று சொல்லேன்."

அக்டோபர் 10, வெள்ளி

மாவு சலிக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. நேற்றிரவு மகன் அனுப்பியதையெல்லாம் படித்துவிட்டேன்.

மெக்சிகோ விடுதலைப் போரில் ரியல் டெல் மோன்ட்டேயின் வெள்ளிச் சுரங்கங்கள் சீர்கெட்டு நீரில் மூழ்கிக் கிடந்தன. நீர் இறைக்கும் நீராவி எந்திரத்தில் கார்ன்வால்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1824-இல் ஜான் டெய்லர் என்பவர் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, மறு வருடம் எந்திரங்களோடு ஆட்களையும் கப்பலேற்றினார். வெராக்ரூஸ் கரையில் இறங்கியதும் மஞ்சள் காய்ச்சல். பலர் சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காமலே செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் அந்த இரும்பையெல்லாம் மலைமேல் இழுத்துக்கொண்டு போய்ச் சேர 1826 ஆகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டும் கம்பெனிக்கு நட்டம்தான். 1849-இல் மெக்சிகோ முதலாளிகளிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கம்பெனிதான் போனது. ஆட்களில் பலர் தங்கிவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்த ஊரில் பேஸ்டி விற்கிறது, 'பாஸ்தே' என்ற பெயரில். உள்ளே மிளகாய் புகுந்துவிட்டது, அன்னாசிகூடப் புகுந்துவிட்டது. வருடந்தோறும் அக்டோபரில் அதற்கு ஒரு திருவிழாவே நடக்கிறது. ஊருக்கு மேலே பைன் மரங்களுக்கு நடுவில் ஆங்கிலேயர் இடுகாடு. கல்லறைகள் இங்கிலாந்து இருக்கும் திசையைப் பார்த்து இருப்பதாக ஊரார் சொல்வார்களாம்.

வெளிநாட்டில் இந்தச் சுரங்கக்காரர்களுக்குப் பட்டப்பெயர் 'கசின் ஜாக்'. ஓர் ஆள் வேலை காலி என்றால் போதும், "ஊரில் என் கசின் ஜாக் இருக்கிறான், வரச்சொல்லவா?" என்பார்களாம். துபாயில் இருக்கும் நம் மேலூர்ப் பையன்கள் "எங்கள் மச்சான் ஒருத்தன் சும்மாதான் இருக்கிறான்" என்கிறார்களே, அதேதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

பொட்டுக்கடலையை வறுத்துக்கொண்டே இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"என்ன பேர் சொன்னாய்? டெய்லரா?"

"ஜான் டெய்லர்."

"எங்கள் கம்பெனி பேரும் அதுதானம்மா. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்."

வறுபட்ட கடலை கொஞ்சம் தீய்ந்தது. பிறகு தேடிப் பார்த்தால் அத்தை சொன்னது சரி. அந்தப் பெரியவர் 1863-இல் இறந்துவிட்டார். 1880-இலிருந்து கோலார் சுரங்கங்களை நடத்தியது அவர் பிள்ளைகளின் கம்பெனி. அங்கேயும் கார்ன்வாலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் மேற்பார்வைக்கு. பாறை உடைக்க, கீழே இறங்க, வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள். அத்தையின் தாத்தா குடியாத்தத்துக்கு அருகிலிருந்து போனவர், அப்பா கோலாரின் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கப் பகுதியில் பிறந்து அங்கேயே சுரங்கத்தில் இறங்கியவர். 1956-இல் அரசு எடுத்துக்கொண்டபோது அத்தைக்கு ஒன்பது வயது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். "முதலில் பரணில் பாத்திரம் குலுங்கும். அப்புறம் கால் கூசும். அம்மா அடுப்பில் இருப்பதை இறக்கி வைப்பாள், பிறகுதான் ஓடுவாள். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஷாஃப்ட் வாசலில் நிற்போம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும். யார் யார் இறங்குகிறார்கள் என்று எண்ணுவோம்."

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் புரியாமல் இருந்தது. இந்த வீட்டில் வெண்கலப் பானை, அண்டா எதுவும் பரணில் ஏறாது. எல்லாம் தரையில்தான். எண்ணெய்ச் சட்டியைப் பரணில் வைத்தது நான். அதற்கு முதல் வருடம் அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அதை மாமியார்த்தனம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

மழை பிடித்துக்கொண்டது. சோமாசி நமுத்துப்போகும். ஒருவர் ஆர்டரைக் குறைத்துவிட்டார்.

அந்தச் சம்பந்தி உறவு எனக்கு ஏனோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரெட்ரூத்தும் ரியல் டெல் மோன்ட்டேயும் கைகோத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கதையில் எப்போதும் கப்பலேறி வந்தவர்தான் நாயகன். அவர் வருவதற்கு முன்பே அந்த மலையைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் எங்கே? ரியல் டெல் மோன்ட்டேயில் தொழிலாளிக்குக் கூலியோடு, தோண்டிய தாதுவில் ஒரு பங்கும் உண்டு. முதலாளி அந்தப் பங்கில் கைவைத்ததும் 1766-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். கார்ன்வால்காரர்கள் வருவதற்கு அறுபது வருடம் முன்பு! கோலாரில் 1930-இல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுக்கப் பார்த்தார்கள். "நாங்கள் என்ன திருடர்களா?" என்று அங்கேயும் வேலை நின்றது. அத்தையின் தாத்தா அதில் இருந்திருக்கிறார். கதையை அத்தை சொன்னபோது தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு காட்டினார்.

சுரங்கங்களை மூடியதும் கிட்டத்தட்ட ஒரே காலம். கேம்போர்னுக்குப் பக்கத்தில் சவுத் க்ராஃப்டி என்ற சுரங்கம் 1998-இல். கோலார் 2001 பிப்ரவரி 28-இல். 120 வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்த ஊரில் இப்போது மிச்சம் இருப்பது சயனைடு கலந்த கழிவு மண் மேடும், விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலும்.

"எங்கள் ஊருக்குச் சம்பந்தி யார்?" என்று அத்தை கேட்டார். ரியல் டெல் மோன்ட்டேயைச் சொன்னேன்.

"சம்பந்தி எப்படி ஆகும்? ஒரே முதலாளி. அப்படியென்றால் பங்காளி." சிறிது நேரம் கழித்து, "பங்காளி என்றால் சொத்து இருக்க வேண்டுமே" என்று அவரே சிரித்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

சோமாசி நாள். அத்தை திரட்டினார், நான் பூரணம் வைத்து ஓரம் மடித்தேன். கடையில் விற்கிற சக்கரக் கரண்டியால் ஓரத்தை வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எண்ணெயில் வாய் பிளந்து சர்க்கரை கருகும். விரலால்தான் மடிக்க வேண்டும்: ஓரத்தை அழுத்தி, நுனியை இழுத்து, முந்தைய மடிப்பின்மேல் சாய்த்து, மறுபடி அழுத்தி. கார்ன்வால் பேஸ்டி என்ற பெயருக்கு 2011-இல் சட்டப் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள், நம் மதுரை மல்லிக்கு 2013-இல் வாங்கியதுபோல. மடிப்பு பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி.

அந்த மடிப்பைக் கைப்பிடியாகப் பிடித்துத் தின்றுவிட்டு, சுரங்க அழுக்கு பட்ட ஓரத்தை எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. அத்தை நம்பவில்லை. "கீழே எட்டு மணி நேரம் நிற்கிறவன் ஓரத்தை எறிவானா? சீலையில் சுற்றிக்கொண்டு போயிருப்பான்." இன்னொரு கதையை ஒப்புக்கொண்டார்: யாருடையது என்று தெரிய ஒரு மூலையில் பெயரின் முதல் எழுத்தை மாவிலேயே போடுவார்களாம்.

இரவு ஒரு விபரீதம். ஒரு வீட்டுக்கு அறுபது சோமாசி கசகசா இல்லாமல் கேட்டிருந்தார்கள். மகனுக்குத் துபாய்க்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், பிடித்தால் சிறைதான். அதைத் தனித் தாம்பாளத்தில் வைத்தேன். மின்சாரம் போனது. வந்தபோது எது எந்தத் தாம்பாளம் என்று எனக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. நாலைந்தை உடைத்துப் பார்த்தோம், இரண்டிலும் கலந்திருந்தது. மொத்தத்தையும் உள்ளூர் ஆர்டருக்கு ஒதுக்கிவிட்டோம். அறுபதும் மறுபடி செய்ய வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் அத்தை எனக்கு முன்பே அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சோமாசியின் மூலையிலும் பல் குச்சியால் 'து' என்று கீறிக்கொண்டே வந்தார். முதலில் போட்ட பத்தில் சுழி எண்ணெயில் உப்பி மறைந்துவிட்டது. பிறகு கீறாமல், மாவைத் திரித்து எழுத்தாக ஒட்டினார். அது நின்றது.

பதினொரு மணிக்கு வந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, து?" என்றார்.

"துரைசாமி வீட்டுக்கா, துபாய்க்கா என்று யாராவது கேட்டால் இரண்டுக்கும் சரியாக இருக்கும்" என்றார் அத்தை. அவர் பெயர் துரைசாமி இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.