கோவுக்கு விழுந்த கோடு

சின்னவன் ஆங்கில நோட்டில் மறுபடியும் அதே இடத்தில் சிவப்பு மை. 'நான் போனேன்' என்பதற்கு 'ஐ கோடு' என்று எழுதியிருக்கிறான். அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'வென்ட்', பத்து தடவை எழுதிவர உத்தரவு. உட்கார்ந்து எழுதினான். ஒன்பது வரி ஒழுங்கு. பத்தாவது வரியில் 'வென்டட்'.

பெரியவள் சிரித்த சிரிப்பில் பென்சில் டப்பா கவிழ்ந்தது. அவன் அசரவே இல்லை. "வாக்னா வாக்டு, ஜம்ப்னா ஜம்ப்டு. கோ மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

கேட்டது நியாயம்தான். வென்ட் கோவுக்குப் பிறந்ததே இல்லை, சுவீகாரம். பெற்றது 'வெண்ட்' என்ற இன்னொரு வினை. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், என்ன செய்வது. டேபிளில் வரும் டி போட்டால் வென்ட், நாயைச் சொல்லும் டாக்கில் வரும் டி போட்டால் வெண்ட்.) செண்டுக்குச் சென்ட், பெண்டுக்குப் பென்ட், ஸ்பெண்டுக்கு ஸ்பென்ட் மாதிரி வெண்டுக்கு வென்ட். முறையான வாரிசு.

வெண்டுக்குப் பழைய பொருள் திருப்புவது. சுற்றுவதைச் சொல்லும் 'வைண்ட்' இதற்கு உடன்பிறப்பு. நம்முடைய திரும்பு, திருப்பு ஜோடி மாதிரி. திருப்புவது திரும்புவதாகி, திரும்புவது போவதாகிவிட்டது. கோவுக்குப் பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் 'ஏயொடெ'. அதுவும் வேறு வேரிலிருந்து வந்து ஒட்டியதுதான், ஆக வீட்டில் முதலிலிருந்தே சொந்தப் பிள்ளை கிடையாது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஏயொடெயின் வழிவந்த சொல்லைத் தள்ளிவிட்டு வென்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வெண்ட், 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைப் பெற்றுக்கொண்டது. இன்றைக்கு அதற்குப் பிழைப்பு பெரும்பாலும் வழியைச் சொல்லும் 'வே' என்ற சொல்லோடுதான்: வளைந்து நெளிந்து, அவசரமில்லாமல் வழிபார்த்துப் போவதைச் சொல்ல. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்குப் பொருந்தாது.

ஸ்காட்லாந்துப் பேச்சில் இந்த வம்பே இல்லை. 'கே' என்றால் போ, 'கேட்' என்றால் போனான். சின்னவன் அங்கே பிறந்திருந்தால் பாஸ்.

இன்னொன்று, குழந்தைகள் ஆரம்பத்தில் வென்ட் என்று சரியாகத்தான் சொல்லும். காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பதால். 'கோடு' என்று சொல்வது பிறகு, விதி பிடிபட்டதும். அதாவது தப்பு செய்யும் குழந்தை ஒரு படி ஏறியிருக்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் இல்லாத சொற்களைப் படம் காட்டிச் சொல்லிக் கேட்டபோது, அதுவரை கேட்டிராத அந்தச் சொற்களுக்கும் குழந்தைகள் விதிப்படி உருவம் கொடுத்தார்கள். கோ போன்றவை மட்டும் மசியாததற்குக் காரணம் புழக்கம். தினம் நூறு தடவை வாயில் வரும் சொல்லைத் திருத்த ஆளில்லை. அவ்வளவாகப் புழங்காதது விதிக்கு வந்துவிடும். நாமும் யோக்கியமில்லை, போ என்றால் போனான், வா என்றால் வானானா?

சிவப்பு மைக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் பெரியவள் நோட்டு. 'டிட் யூ வென்ட்' அங்கே தாராளம். டிட் இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, பின்னால் வெறும் கோ போதும். ஹேவ், ஹாஸ் பக்கத்திலும் வென்ட் உட்காராது, கான்தான். அதிலும் 'ஹாஸ் கான்' என்றால் ஆள் இன்னும் அங்கே, 'ஹாஸ் பீன்' என்றால் போய்த் திரும்பியாயிற்று.

சின்னவனுக்கு இதில் பாதிகூட ஏறவில்லை. "அப்போ வெண்ட் பாவம்ல?" என்றான். பிறகு ரப்பரை எடுத்தான். பத்தாவது வரியில் டேபிள் டியை அழித்துவிட்டு டாக் டியைப் போட்டான். இலக்கணப்படி இப்போது 'ஐ வெண்டட்' தப்பே இல்லை. நாளைக்கு அதன் மேலும் ஒரு கோடு விழும்.